வழிமொழிய வராத வாய்

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதியில், படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிப்பது கோபாலசிங்கத்தின் வேலை. அவள் கண்ணயரும் நேரமெல்லாம், இலங்கையின் புதிய அரசியல் யாப்பு வரைவைப் போனில் வாசிப்பார். ஒற்றையாட்சி அப்படியே இருந்தது. கூட்டாட்சியைக் குறிக்கும் சமஷ்டி என்ற சொல்லைக் காணவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு ஊர்வலம் போன அவருடைய தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை.

இலங்கையிலிருந்து வரப்போகும் எம்.பி.யிடம் பலெர்மோத் தமிழர் வரைவை ஆதரிக்கிறார்கள் என்று சொல்வதா, எதிர்க்கிறார்கள் என்று சொல்வதா? அதை முடிவெடுக்கவே ஞாயிறு தமிழ்ச் சங்கக் கூட்டம். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்மொழிபவர் பேரும் வழிமொழிபவர் பேரும் முதல்நாளே தலைவரிடம் போய்விடவேண்டும். சொன்ன ஆளே வழிமொழியாவிட்டால் தீர்மானம் வாக்கெடுப்புக்குப் போகாமலே விழும்.

கோபாலசிங்கத்தின் எதிர்ப்புத் தீர்மானத்தை வழிமொழிய, சங்கத்து இளைஞன் விமலராஜ் தானாகவே கேட்டான். பவுல் விடவில்லை. மன்னார்க்காரன், கோபாலசிங்கத்தின் நெடுநாள் கூட்டாளி. "அவன் சின்னப் பெடியன் அண்ணை. நான் இருக்கிறன், என்ர பேரைக் குடுங்கோ."

கூட்டத்தில் கோபாலசிங்கம் எழுந்து முன்மொழிந்தார். பவுல் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பவுல், வழிமொழியிறீரோ?" என்றார் தலைவர் இராஜநாயகம்.

"இல்லை."

விமலராஜ் துள்ளி எழுந்தான். "நான் வழிமொழியிறன்."

"தந்த பேர் உம்மட இல்லைத் தம்பி. இரும்."

அடுத்து வந்த ஆதரவுத் தீர்மானம் ஆளுக்காள் முகம் பார்த்துக் கையுயர்த்தியதில் நிறைவேறியது.

வாசலில் கோபாலசிங்கம் பவுலை மறித்தார். "ஏனடா?"

"இவ்வளவு காலமும் சமஷ்டி எண்டு கேட்டு என்னத்தைக் கண்டம் அண்ணை? என்ர காணியில ஆமிக்காரன் கத்தரி நடுறான். தாறதை வாங்குவம். இதையும் தள்ளிவிட்டா அடுத்தது எப்ப வரும்?"

"அதை எழும்பிச் சொல்லியிருக்கலாமே. எதிர்த்துக் கதைச்சிருக்கலாம்."

"கதைச்சு வாக்கெடுப்புக்குப் போனா நீங்கள் வெண்டிருப்பியள்."

"அப்ப, விழுத்தத்தான் பேர் தந்தனி?"

"ஓம்."

உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் தோளைத் தொட்டு, "நாங்களும் உங்கட பக்கம்தான் அண்ணை" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் போனார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். பவுல் கணக்குத் தவறாகப் போடவில்லை.