அத்தை திட்டினால் கூட்டம் சேரும்

நான் முதலில் சமையல் வீடியோதான் போட்டேன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு அடுப்படியில் நெத்திலிக் குழம்பு, இறால் தொக்கு என்று ஒரு நிமிடத்துக்குள் செய்து காட்டுவேன். சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் போனைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் உள்ளே வந்து, குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "இன்னாடி இது? உப்பு போட்டியா, இல்ல கடலயே மொண்டு ஊத்திட்டியா?" என்றார். அதை வெட்டாமல் அப்படியே போட்டேன். மறுநாள் காலையில் போனைத் திறந்தால் யார் யாரோ பார்த்திருந்தார்கள், சிரித்திருந்தார்கள், திட்டியிருந்தார்கள்.

அதிலிருந்து அத்தைதான் வில்லி. "ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகுவார். முகமே மாறிவிடும். "அரிசி களையக்கூட ஒங்கம்மா சொல்லிக் குடுக்கலியா?" என்பார். என் தட்டில் இருந்த சோற்றை அள்ளிச் சட்டியில் திரும்பப் போட்டு, "நீ இன்னா நடவு நட்டுட்டா வந்த?" என்பார். எடுத்து முடித்ததும் இருவரும் சிரிப்போம். அந்தத் தட்டு வீடியோவுக்குத்தான் ஆட்கள் ஜாஸ்தி சேர்ந்தார்கள். தொடக்கத்திலேயே அத்தையின் முறைப்பு வராவிட்டால் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று கண்டுகொண்டேன். திட்டில்லாத வீடியோவை யாரும் சீண்டுவதில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் காரமாக இருக்க வேண்டும் என்ற பதற்றம் எனக்கு வந்துவிட்டது.

கமெண்டுகளை அத்தை படிக்கச் சொல்லிக் கேட்பார். நல்லதை மட்டும் படிப்பேன். 'இந்தக் கிழவி நேர்ல கெடச்சா செருப்பு பிய்யும்' என்பது போன்றவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவேன். ஆனால் சிதம்பரம் போகும் பஸ்ஸில் அப்படித் தள்ள முடியவில்லை. காலியாக இருந்த இடத்தில் அத்தை உட்காரப் போக, பக்கத்தில் இருந்த பெண் தன் பையைத் தூக்கி அங்கே வைத்தாள். "மருமவளுக்குச் சோறு போடாதவதான நீ? நில்லு." அத்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அத்தை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனாரைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜித் தட்டைத் தொடவில்லை. அவருடைய அக்கா, மாப்பிள்ளையின் பெரியம்மா, அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் வேண்டும் என்று என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பயப்படாம சொல்லும்மா. அடிக்கவும் செய்றாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் நடிப்பும்மா."

"அப்படிச் சொல்லச் சொல்லி வச்சிருக்காங்களா?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பொய்யாகக் கேட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அத்தைதான் கஞ்சி வைத்துக் கொடுப்பார் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் பேசப் பேச அவருக்குச் சந்தேகம்தான் கூடியது.

"தாயப் போலதான பொண்ணும் இருக்கும்? நாளைக்கு அது வந்து எந்தங்கச்சிய இப்டிப் பேசுனா நாங்க எங்க போறது?"

என் விளையாட்டால் ஒருத்தியின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் அத்தை. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியவில்லை.

"அவள விடுங்க. என்னக் கேளுங்க" என்றார். "அதுல நான் பேசுறது ஒண்ணுகூட என் வார்த்த இல்ல. கீரப்பாளையத்துக்கு நான் வாழப் போனப்ப எங்க மாமியா என்னப் பேசுனது. சோத்த அள்ளிச் சட்டியில போட்டதும் அவுங்கதான். எதுவும் மறக்கல எனக்கு. அதான் தடங்கலே இல்லாம வருது."

எனக்கும் அதுவரை தெரியாது. அந்தத் தட்டைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருக்கிறேன்!

பெரியம்மாவின் பிடி தளர்ந்தது. "தங்கச்சிகிட்ட சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்றாள். கஷ்டப்பட்டுச் சேர்த்த கூட்டம். மனசு வரவில்லை. ஆனாலும் போனை எடுத்தேன். அத்தை தடுத்தார்.

"அழிக்காத. இப்ப அழிச்சா அது நெசம்னு ஆயிடும். இன்னொண்ணு எடு. அவுங்ககிட்ட சொன்னதையே எல்லாருக்கும் சொல்றேன்."

"திட்டு இல்லாட்டி யாரும் பாக்க மாட்டாங்க அத்த."

"பாக்காட்டி போறாங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகவில்லை. தன் மாமியார் பேசியதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்தார்.

போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ராத்திரிதான் எடுத்துப் பார்த்தேன். 'இதுவும் நாடகம்' என்று எழுதிவிட்டுச் சிலர் விலகியிருந்தார்கள். நிறையப் பெண்கள் தாங்கள் கேட்ட வசவுகளை எழுதியிருந்தார்கள். இந்த முறை எதையும் தள்ளாமல் எல்லாவற்றையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

சிதம்பரத்திலிருந்து தகவலே இல்லாமல் நாங்கள் மூவரும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டுக் கிடந்தோம். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவே பேசினார். "பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. வந்து பேசி முடிங்க. மண்டபத்துக்கு மட்டும் கேமராவத் தூக்கிட்டு வராதீங்க" என்றார். அத்தை சரி என்றார்.

கல்யாணம் நடந்தது. இப்போது நான்தான் மாமியார் வேஷம், அத்தை மருமகள். எனக்குத் திட்ட வரவில்லை. "நல்லா மொறச்சிப் பாரு, பாசமா பாக்குற" என்று அத்தை அலுத்துக்கொள்கிறார். பழைய வேகத்தில் ஆள் சேருவதில்லை. நாத்தனார் சிதம்பரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறாள். அவள் மாமியாரும் பார்க்கிறாராம், லைக் மட்டும் போடுவதில்லையாம்.