திருக்கைக்கு ரப்பர் ஊற்றியவள்

காரிமங்கலத்தில் பெரியண்ணன் வைத்திருக்கும் சிலைப் பட்டறையில் லூர்துமேரிக்குப் பத்தொன்பது வருட வேலை. மாதா சுரூபமும் முருகன் சிலையும் அங்கே ஒரே அலமாரியில்தான் காயும். பிளாஸ்டர் ஊற்றிச் சிலை எடுப்பது யாருக்கும் வரும்; அதற்கான ரப்பர் அச்சைச் செய்வதுதான் லூர்துமேரியின் வேலை. ரப்பரையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலக்கி, நூல் இறங்குவது போல மெல்லிசாக ஊற்றுவாள். மேரி ஊற்றினால் ஒரு குமிழி இருக்காது என்று ஓசூர்வரை பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அதற்குத் தகுந்த கைதான்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் தருமபுரிப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து பிரியதர்ஷினி வந்தாள். திருக்கை மீனைப் போல இறக்கை அசைத்துக் கடலில் நீந்தும் ரோபோ ஒன்றை அவள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். உள்ளே வைக்க மோட்டார், பேட்டரி, கேமரா எல்லாம் தயார். ரப்பர் தோல் மட்டும் பாக்கி. அதற்கான பிளாஸ்டிக் அச்சைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

“ஏங்க மேடம், இரும்புல செஞ்சா கெட்டியா இருக்குமில்லைங்க?”

“பவளப்பாறைக்கு நடுவுல போகணும்க்கா. இரும்பு இடிச்சா பாறை ஒடஞ்சுரும். ரப்பர்னா தடவிட்டுப் போயிரும். ஆனா ஊசி ஓட்டை இருந்தாலும் தண்ணி எறங்கி எல்லாம் போச்சு.”

லூர்துமேரி ஊற்றினாள். மறுநாள் உரித்தபோது தோல் வழவழவென்று வந்தது. இடது இறக்கையின் அடியில் மட்டும் மிளகளவு ஒரு குமிழி வெடித்திருந்தது. பட்டறை வழக்கப்படி ஒரு சொட்டு ரப்பரை விரலால் தொட்டு அடைத்துக் கொடுத்தனுப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சிலை அச்சில் அது தப்பே இல்லை. அச்சை யார் தண்ணீரில் விடப் போகிறார்கள்? இங்கே ரப்பரேதான் மீன் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தோணியார் அச்சு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திருக்கைக்குப் போட்ட அதே நாளில் அதே மாதிரி அதற்கும் போட்ட ஒட்டு நகத்தோடு உரிந்து வந்தது. ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சில் வாசலின் தடவுவார்கள். அந்த வாசலின் விரலோடுதான் அன்றைக்கு எல்லா ஒட்டையும் போட்டிருக்கிறாள். அன்று மூன்று மணிக்குத்தான் கல்லூரித் தொட்டியில், அதைப் பார்க்க வரும் வெளியூர் ஆட்கள் முன்னால், திருக்கை நீந்த வேண்டும். போன் அடித்தாள். பிரியதர்ஷினி எடுக்கவில்லை.

“நீ ஏம்மா போயி மாட்டிக்கற? அந்த ஒட்டு நின்னாலும் நிக்கும்,” என்றார் பெரியண்ணன். “பத்தொம்பது வருசமாச் சேத்த பேரு.”

“நிக்கலைன்னா அந்தப் பொண்ணோட ரெண்டு வருசம் தண்ணியில போயிருமுங்கண்ணா.”

பஸ் ஏறிவிட்டாள். வழியெல்லாம் பயம். மீனை நினைத்து மட்டுமல்ல. இனி மேரி கையைப் பற்றி யாரும் அப்படிப் பேச மாட்டார்களே என்றும்தான். அவளைப் புனிதையாக்குவதில் யாருக்கும் லாபமில்லை.

தொட்டியருகே பிரியதர்ஷினி கடைசித் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மேடம், எடது எறக்கையில ஒட்டுப் போட்டிருக்கேங்க. சொல்லாம வுட்டுட்டேன். அது உரியுதுங்க.”

பிரியதர்ஷினியின் முகம் வெளுத்தது. தோலுக்குள் இருந்ததையெல்லாம் கழற்றி எடுத்தாள். இருவரும் அதற்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்து, பஞ்சர் கடையில் செய்வது போல ஒரு டப்பிலிருந்த தண்ணீரில் அமுக்கினார்கள். முதலில் ஒன்றுமே இல்லை. லூர்துமேரிக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்கூட வந்துவிட்டது. பிறகு இடது இறக்கையின் அடியிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாக ஏறின.

மூன்று மணிக்கு வந்தவர்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரியதர்ஷினி மைக்கைப் பிடித்தாள்.

“இன்னைக்கு நீந்தாதுங்க. தோல்ல ஒரு ஓட்டை. தண்ணியில விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சதால மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு. கண்டுபிடிச்சவங்க இவங்கதான்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலைந்து பேர் கைதட்டவும் செய்தார்கள். பேசாமல் தலையைக் குனிந்து நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், பேரும் கெட்டிருக்காது.

“ஓட்டை வுட்டதும் நான்தாங்க,” என்றாள் அவள். “காரிமங்கலம் லூர்துமேரி. வர்ற வியாழக்கெழமைக்குள்ள வேற ஊத்தித் தர்றேனுங்க.”