கண்ணாடிக் குடுவையில் ஏறிய பெட்ரோல்

அமெரிக்காவில் கால்வெட் என்கிற எங்கள் சின்ன ஊரில், பழைய நெடுஞ்சாலை வளைகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் நிற்கிறது. புகைபோக்கி வைத்த குட்டி வீடு மாதிரி இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புழுதிப் புயல் அடித்து விளைச்சல் போன வருடங்களில் ஓக்லஹோமாவே மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்பியபோது, பாதிப் பேர் இங்கே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். பிறகு பெரிய சாலை ஊருக்கு வெளியே போட்டார்கள். பங்க் படுத்துவிட்டது. கூரையைப் பிளந்து மரம் வளர்ந்தது.

அதை எழுப்பி நிறுத்தியவள் நெல்டா ப்ரூவிட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இடிக்க வந்த புல்டோசருக்குக் குறுக்கே தன் வண்டியை நிறுத்தி, "இடிக்கிற செலவு உங்களுக்கு மிச்சம். எனக்குக் குடுத்துடுங்க" என்றாள். ஊராட்சிக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள்.

அவளும் கணவர் வெர்னும் வருடக்கணக்கில் உழைத்தார்கள். பங்க்கின் பழைய பம்பு ஒரு பண்ணையில் கோழிக்கூண்டுக்குள் கிடந்தது; தூக்கிவந்து நிறுத்தினார்கள். அதன் உச்சியில், ஆள் உயரத்துக்கு மேலே, கண்ணாடிக் குடுவை. கைப்பிடியை ஆட்டினால் பெட்ரோல் அதில் ஏறும், பிறகு குழாய் வழியே வண்டிக்குள் இறங்கும். நிலத்தடித் தொட்டி புதைத்து, அனுமதி வாங்கி, நிஜப் பெட்ரோலே நிரப்பினாள்.

எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி, பழைய ரோட்டைப் பாக்க வர்றவன் போட்டோதானே எடுக்கப்போறான்? செவப்புத் தண்ணி ஊத்தினா ஆகாதா?"

"பங்க்குன்னு சொல்லிட்டுத் தண்ணி காட்டுறது, மாட்டுக்கறி ஸ்டேக்குன்னு சொல்லிட்டுச் செருப்புத் தோலைப் போடுற மாதிரி, மேவிஸ். அதுக்குத்தான் நீ இருக்கியே."

மே மாதம் ஒரு மதியம், சுழற்காற்று வருகிறதென்று சைரன் ஊளையிட்டது. மேற்கே வானம் பச்சையாகிவிட்டிருந்தது. நெல்டா சாலையில் நின்று கத்தினாள்: "எல்லாரும் குழிக்குள்ள எறங்குங்க!" பங்க்கில், வண்டிக்கு அடியில் நின்று எண்ணெய் மாற்றும் குழி அது. நான், வெர்ன், என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், வழியில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள், எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டோம். தலைக்கு மேலே சரக்கு ரயில் போகிற மாதிரி சத்தம். காது அடைத்துக்கொண்டது.

ஏறி வந்து பார்த்தால் என் கடை இல்லை. அடித்தளம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. பங்க் நின்றது. பம்பின் கண்ணாடிக் குடுவையில் ஒரு கீறல்கூட இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்களில் தாடி வைத்த பெரிய ஆள் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

மின்சாரம் போய்விட்டது. சுற்று வட்டாரத்தில் எந்தப் பங்க்கும் ஓடவில்லை. வெர்ன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, சாலையில் விழுந்த மரங்களை அறுக்க ஓடினார். நெல்டா கைப்பிடியைப் பிடித்தாள். குடுவையில் பெட்ரோல் வெயில் பட்டுச் செக்கச்செவேலென்று ஏறியது. முதலில் ஆம்புலன்ஸ், பிறகு தீயணைப்பு வீரர்களின் கார்கள், பிறகு ரம்பங்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் கேன்கள். என்னைக் கைப்பிடியைத் தொடவே விடவில்லை. "நீ போய்க் குழாயைப் பிடி" என்றாள்.

சாயங்காலம் தொட்டி வற்றியது. வெர்ன் மெல்ல வந்து நின்றார்.

"நெல்டா, நம்ம வீடு போயிடுச்சு."

"தெரியும். மொதல்ல வந்த ஆம்புலன்ஸ்காரனே சொன்னான்."

அவள் உள்ளங்கைகள் கொப்பளித்துப் பிளந்திருந்தன. நான்தான் கழுவிக் கட்டுப் போட்டேன். அந்த வருடக் குளிர்காலம் முடியும்வரை அவர்கள் பங்க்கின் பின்னறையில் குடியிருந்தார்கள்; நான் அங்கேயே ஒரு மூலையில் அடுப்பு வைத்துச் சமைத்தேன்.