கடைசி வரிசைக்கும் கேட்கும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் சிவாஜிநகரில் மைக் செட் வாடகைக்கு விட்ட காலத்தில், நான் குழாய் ஸ்பீக்கர் கட்டிய இடத்தில் "சரியா கேக்கலப்பா" என்று ஒருவரும் சொன்னதில்லை. கல்யாணமோ மாதா கோயில் தேரோ, கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேரும். அந்தத் தொழிலில்தான் ஈஜிபுராவில் மூன்று மாடி வீடு எழுப்பினேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில், என் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து, "என்ன பேசுறாங்கன்னே தெரியலங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மகன் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். காதில் குறையே இல்லை, எதற்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார் அவர். ஸ்கேனுக்கு மறுவாரம்தான் இடம் கிடைத்தது. எனக்கு அது வரை பொறுக்கவில்லை. குறை மகன் வாங்கி மாட்டிய ஹோம் தியேட்டரில்தான் என்று எனக்குத் தெரியும். வெடிச் சத்தம் சுவரை ஆட்டும். பேச்சு மட்டும் நடுவிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து தகரம் தட்டுவது போல வரும்.

ஹாலின் மறுபக்கத்தில் என் பழைய ஆம்ப்ளிஃபயர், வால்வு செட், இருக்கிறது. அதன் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றியது இந்தக் கைதான். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். பேச்சை அந்த வழியாக விட்டால் முடிந்தது விஷயம்.

"அப்பா, அது பழைய ஸ்டீரியோ, இது சரவுண்டு. ரெண்டும் ஒத்துப் போவாது. சும்னே விடுங்க" என்று கன்னடம் கலந்து தடுத்தான் மகன்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மூணு ஆம்ப்ளிஃபயர ஒண்ணா ஓட்டுனவன்டா நான். நீ ரிமோட்ட மட்டும் புடிச்சுக்கோ."

ஹோம் தியேட்டர் பெட்டியின் பின்பக்கம், முன் ஸ்பீக்கர்களின் சத்தத்தை வெளியே எடுக்கத் துளைகள் இருந்தன. அங்கிருந்து வால்வு செட்டுக்கு ஒயர் இழுத்தேன். ஒரு உறுமல் வந்தது. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் மாட்டியதும் அடங்கியது. வால்வு செட்டின் வால்யூம் திருகை ஓரிடத்தில் நிறுத்தி, பெயின்டால் கோடு போட்டேன். அதை இனி யாரும் தொடக்கூடாது. நடு ஸ்பீக்கர் கிடையாது என்று செட்டிங்கில் மாற்றச் சொன்னேன் மகனிடம். மாற்றினான். பேச்சு முழுவதும் என் மரப்பெட்டிகளுக்கு வந்துவிட்டது.

வால்வுகள் சூடேறியதும் செய்தி வைத்தோம். வாசிக்கிற பெண் ஹாலிலேயே நின்று பேசுவது போலிருந்தது. மகனே ஒப்புக்கொண்டான். இந்த ஊரில் இன்னொருவன் இப்படிச் செய்து காட்டட்டும்.

மனைவியைப் பார்த்து, எப்படி என்று கையை ஆட்டிக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"கணீர்னு கேக்குதுங்க. இது என்ன பாஷ?"

மகன் சிரித்துவிட்டான். "தமிழ் நியூஸும்மா."

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் அதுலயே பேசுறியே, கண்ணு."

ரஸல் மார்க்கெட் பக்கம் கன்னடம், தெலுங்கு, உருது என்று மாற்றி மாற்றிப் பேரம் பேசியவள் அவள். செய்திப் பெண் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மகன் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினான்.

ஸ்கேனில் தெரிந்தது. எங்களுக்குத் தெரியாமலே ரத்தக்குழாய் அடைத்து, மூளையில் பேச்சைப் பிரித்தறிகிற இடம் செத்துப்போயிருந்தது. குக்கர் விசில் கேட்கும், மழை கேட்கும், அவளால் பேசவும் முடியும். அடுத்தவர் பேச்சு மட்டும் வெறும் சத்தமாகவே போய்ச் சேருமாம். இந்த வயதில் திரும்புவது கஷ்டம் என்றார்கள்.

இணைப்பை நான் பிரிக்கவில்லை. பெயின்ட் கோடும் அப்படியே இருக்கிறது. மாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர்த் திருவிழாவுக்கு எத்தனை குழாய் கட்டினேன் என்று பழைய கதையெல்லாம் சொல்கிறேன். மேல் மாடியில் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். அவள் படியில் நின்று தன் பாஷையில் ஏதாவது சொன்னால், என் மனைவி மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டுவாள். இப்போது எனக்கும் அப்படித்தான் ஆட்டுகிறாள்.