கப்பலேறியவர்களிடம் கேட்கக்கூடாத கேள்விகள்

வரலாறு கற்பிப்பவர் இறந்தவர்களை நம்பலாம்; வீட்டுவேலை ஒப்படைப்பவர்களை நம்பலாகாது. விடைத்தாள் திருத்தியே மூக்குக்கண்ணாடியின் தடிப்பைக் கூட்டிக்கொண்ட சக ஆசிரியர்களே, ஒஸ்லோவில் பத்தாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி கற்பித்த எனது கடைசி ஆண்டில் நிகழ்ந்தவை இவை.

இரு தாள், ஒரு வாக்கியம்

தொடக்க காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஆங்கிலேயரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். "நீங்கள் அக்கப்பலின் பயணி. ஏன் புறப்பட்டீர்கள்? எவ்வழியாக? யார் உதவினார்? வீட்டாருடன் கலந்துபேசி எழுதுங்கள்" என்று வினாத்தாள் கொடுத்தேன்.

அம்மருட் என்னும் புறநகரிலிருந்து வரும் அபிராமியின் விடையில் அலை இல்லை, அழுகை இல்லை, ஒரு பெயரடைகூட இல்லை. "எங்களை ஏற்றிவிட்டவரின் பெயர் எனக்குத் தெரியாது" என்று முடித்திருந்தாள். பக்கத்து வகுப்பு நிரோஜனின் தாளும் சொல் மாறாமல் அவ்வாறே முடிந்திருந்தது. சக ஆசிரியை இங்கர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "நானூறு ஆண்டுகளுக்கு முந்திய இரண்டு பயணிகளுக்கும் ஒரே வழக்கறிஞர் போலிருக்கிறது."

வெட்டப்பட்ட புயல்

பார்த்து எழுதியது உறுதியானால் இறுதிப் புள்ளி கிடையாது. அபிராமி விரும்பிய உயர்நிலைப் பள்ளியும் கைநழுவும். தனியே அழைத்து வினவினேன்.

"ரீச்சர், நான் ஆரையும் பாத்து எழுதேல்லை. அப்பா தமிழில சொல்லச் சொல்ல நான் நொர்ஸ்க் மொழியில மாத்தினனான்."

என் ஐயம் இரட்டித்தது. சொந்தமாக ஒரு வரியேனும் எழுதவில்லையா என்றேன்.

"புயல் ஒண்டு போட்டனான், ரீச்சர். அப்பா வெட்டிப்போட்டார்."

கோப்புடன் வந்த தந்தை

பேருந்துச் சாரதியான அபிராமியின் தந்தை, சீருடையைக் களையாமலே வந்தமர்ந்து, தடித்த கோப்பொன்றை மேசைமேல் வைத்தார். குடியுரிமைப் பத்திரம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. புயலை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். எனது வினாத்தாளை என் பக்கம் திருப்பி, கேள்விகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். தாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில், இதே கேள்விகளை, இதே ஒழுங்கில், மேசைக்கு அப்பாலிருந்து அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரி கேட்டாராம். அப்போது திராமன் நகரில் ஒரே அறையில் தங்கியிருந்த அவரும் நிரோஜனின் தந்தையும் 'பெயர் தெரியாது' என்ற அம்மறுமொழியை இராப்பகலாக மனனஞ்செய்தவர்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர், நீங்களும் எங்கட ஆள்தானே. உண்மையைச் சொல்லுங்கோ, இதை ஆர் கேக்கச் சொன்னவை?"

வாய்மொழித் தேர்வு

எவரும் சொல்லவில்லை என்பதை அவர் நம்பவில்லை. அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆயினும் தந்தையின் விடைக்கு மகளுக்குப் புள்ளி இட முடியாதே! இரு பிள்ளைகளையும் வாய்மொழியாக வினவுவதென முடிவாயிற்று. நிரோஜன் முதல் நாளே தேறிவிட்டான். அபிராமியின் முறை வந்தபோது, குறிப்பெடுக்க அமர்ந்த இங்கரின் கொப்பி வெறுமையானதுதானா என்று உடன் வந்திருந்த தந்தை புரட்டிப் பார்த்த பின்னரே தொடங்க விட்டார்.

கரையிறங்குமுன் பயணிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். தம்மைத் தாமே ஆள உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டார்கள் என்றாள். அத்துடன் நில்லாது, புயலில் கப்பலின் உத்தரம் பிளந்ததையும் நடுக்கடலில் குழந்தை பிறந்ததையும் மூச்சுவிடாமல் விவரித்தாள். இங்கரின் பேனா ஓடியது. தந்தை மகளின் முழங்கையைத் தொட்டார்.

"பிள்ளை, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. அங்கை அவ எழுதுறா."

அபிராமிக்கு ஆறுக்கு ஐந்து கிடைத்தது. அவள் தந்தை மட்டும் அக்கப்பலில் இருந்திருந்தால், அவ்வுடன்படிக்கையில் ஒரு கையொப்பம் உறுதியாகக் குறைந்திருக்கும்.