அக்கா கையால் ஊசி

வயிற்றுப் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் பிரவீனாவுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். அவள் அக்கா தனப்பிரியாவின் மகனும் நன்றாகத்தான் வளர்ந்திருந்தான்.

சில வருடங்களுக்கு முன், நிறைமாதத்தில், அவன் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனான். துணியில் சுற்றிக் கொடுத்தபோது கை நீட்டி வாங்கியவள் பிரவீனாதான். நல்ல கனம். உப்பிய கன்னமும் மடிப்பு விழுந்த தொடையுமாகத் தூங்குகிற பிள்ளை போலவே இருந்தான். கர்ப்பத்தில் சர்க்கரை பார்க்க வரச் சொன்ன அன்று தனப்பிரியா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். அதோடு அந்தச் சோதனை விட்டுப்போயிற்று. ரத்தம் பத்தாமல் போனதால்தான் பிள்ளை தங்கவில்லை என்று உறவில் பேசி முடித்தார்கள்.

அதை நம்பிய பிரவீனா, தான் உண்டானதும் இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்னதற்கு மேல் விழுங்கினாள். கடையில் டானிக்கும் வாங்கிக் குடித்தாள். மல்லசமுத்திரத்தில் அவள் கணவன் சபரிநாதனுக்குக் கோழிப்பண்ணை. அங்கே முட்டை அடுக்கிய அட்டையைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பழைய கனம் கைக்கு வரும். கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பாள்.

திருச்செங்கோட்டு டாக்டரம்மா குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார். சர்க்கரை கூடியிருந்தது. குடும்பத்தில் யாருக்கெல்லாம் உண்டு என்று கேட்டார். அம்மா சௌந்திரத்துக்கு, தாய்மாமனுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அக்கா பிள்ளையின் கதையில் வந்து நின்றாள்.

"உங்க அக்காவுக்கும் அப்ப சர்க்கரை இருந்திருக்கலாம்மா," என்றார் டாக்டரம்மா. "பிள்ளை அவ்வளவு பெருசா வளர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்."

வம்சவழியாக வருவதற்கு அவள் என்ன செய்வாள் என்று தேற்றியவர், மாத்திரைக் கணக்கைக் கேட்டதும் முகம் சுளித்தார். ரத்தசோகை இருந்தால் இரும்பு அவசியம். அவளுக்கோ ரத்தம் போதுமான அளவு இருந்தது. இரும்பு மிஞ்சினால் சர்க்கரைக்கு ஆகாது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன, முடிவாகத் தெரியவில்லை, எதற்கும் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள் என்றார். கீரை, பயறு, தீட்டாத தானியம் சாப்பிட்டால் மெக்னீசியம் போன்ற சத்தெல்லாம் அதிலேயே வந்துவிடும் என்றும் சொன்னார்.

சாப்பாட்டை மாற்றியும் சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் போட வேண்டியதாயிற்று. ஊசியை எடுத்தாலே பிரவீனாவுக்குக் கை நடுங்கியது. கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டே பழகிய சபரிநாதன், மனைவியின் வயிற்றைப் பார்த்ததும் பின்வாங்கினான். கடைசியில் அவள் ராசிபுரத்துக்கு, அக்காவுக்குப் போன் போட்டாள். தங்கை உண்டான சேதி தெரிந்தும் தனப்பிரியா அதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

"என்ற கண்ணு பட்டுருமோன்னு பயமா இருக்குது சாமி," என்றாள் தனப்பிரியா.

"உன்ற பையனை வாங்குன கைதான் இப்ப நடுங்குது. நீதான் வந்து போடோணும்க்கா."

மறுநாள் காலைப் பேருந்தில் தனப்பிரியா வந்து இறங்கினாள். பிரசவம்வரை தங்கினாள். ஒருநாள் ஊசி போடுகையில் உள்ளிருந்து பிள்ளை உதைத்தது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டவள், கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் திரும்ப வைத்தாள்.

பெண் பிறந்தது. அளவான எடை. பிள்ளையின் அழுகை காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, அழுகிறாளா, அழுகிறாளா என்று பிரவீனா கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்த பின்னும், பிள்ளை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது நிற்கவில்லை.

சில வாரம் கழித்துச் செய்த சோதனையில் அவள் சர்க்கரை சரியாகியிருந்தது. வருடா வருடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். துணைக்கு வந்த தனப்பிரியாவுக்கும் சர்க்கரை பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அவளுக்கு மிக அதிகம். வெகுநாளாக இருந்திருக்கும் என்றார்.

"அன்னைக்கே பாத்திருந்தா என்ற பையன் இருந்திருப்பானுங்களா?"

"இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியலைம்மா," என்றார் டாக்டரம்மா. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இனியும் பிள்ளை பெறலாம் என்றார். தனப்பிரியா மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து தங்கையோடு பேருந்தில் ஏறினாள்.

வண்டி ஊரைத் தாண்டியதும், ஜன்னல் பக்கமே பார்த்தபடி சொன்னாள்:

"அவனுக்கு முகிலன்னு பேர் வெக்கலாம்னு இருந்தேன்."