மீன் பெட்டி ஐஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் சமைத்த கம்பெனி கேன்டீனில் மோர் குடித்தவர்கள் வயிற்றுப்போக்கில் சுருண்டு விழுந்தபோது, ஆய்வகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி. எந்தத் தாளைக் காட்டினாலும் நோயாளிகளின் பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார்.

“மோருக்கு ஐஸ் எங்க வாங்குனீங்கண்ணே?”

“எப்பவும் வாங்கிக்கினு வர்ற கடையிலதான் மேடம்.”

பொய். அன்று ஐஸ் தீர்ந்துபோனதால் மீன் பெட்டியில் கிடந்ததை உடைத்துப் போட்டிருந்தேன். அவர் மீன் பெட்டியின் உட்புறத்தையும் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் என் மகளும் அந்த மோரைக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஆய்வகத்து அம்மா திரும்பி வந்து ஒரு தாளை விரித்தார். ஒவ்வொருவர் உடம்பிலும் இருந்த கிருமியின் டி.என்.ஏ. ரேகை, ஏணிப்படிபோலக் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தது. கடைசி ஏணி மீன் பெட்டிக் கிருமியுடையது.

“இதுல எம் பொண்ணுது எது மேடம்?”

“மீன் பெட்டியோடதும் சேத்து எல்லாம் ஒரே மாதிரிதாண்ணே இருக்கு. எதைக் காட்டட்டும்?”

அவர் திட்டவில்லை. பெயர்கள்மேல் இருந்த கையை மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டார்.

மகள் தேறி வேலைக்குப் போகிறாள். மோர் கலக்கக் குனிந்தால் எனக்கு இன்னும் அந்தக் கைதான் தெரிகிறது.